தலையணையில் கிடந்த முடி

பெண்களின் கூந்தல் உதிர்வதைப் பற்றி எழுதினால் எல்லாரும் கவலையோடு படிப்பார்கள். அதையே ஓர் ஆண், அதிலும் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதினால் முதலில் சிரிப்புத்தான் வரும். சிரித்துக்கொண்டே படியுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. என் வீட்டில் ஓர் ஆண்டுக்காலம் யாரும் சிரிக்காமல் இருந்ததும் இந்த முடியால்தான்.

2014ஆம் ஆண்டு எனக்கு வயது முப்பத்தாறு. ஆசிரியர் தினத்துக்காக இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் எங்களைப் படமாக வரைந்து கொடுத்தார்கள். ஒரு சிறுமி என் கண்ணாடி, கழுத்துப்பட்டை, கையில் பிடித்திருந்த சுண்ணாம்புக்கட்டி வரை ஒன்றையும் விடாமல் வரைந்திருந்தாள். உச்சந்தலையில் மட்டும் ஒரு வட்டத்தைக் கறுப்புத் தீட்டாமல் வெள்ளையாக விட்டிருந்தாள். பொய் சொல்லத் தெரியாத வயது. அன்றிரவு இரண்டு கண்ணாடிகளைப் பிடித்து என் தலையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பிள்ளை வரைந்தது சரியாகத்தான் இருந்தது.

அம்மா கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சித் தந்தார். பாசார் மாலாமில் ஒருவன் விற்ற பச்சை எண்ணெயையும் மூன்று மாதம் தேய்த்தேன். அதில் தலையணை உறை பச்சையானதுதான் மிச்சம். கடைசியில் பட்டணத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் எழுதிக் கொடுத்தது பினாஸ்டரைட் என்னும் மாத்திரை. ஒரு மில்லிகிராம், நாளுக்கு ஒன்று.

அது வேலை செய்யும் விதத்தை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். ஆணின் உடம்பில் ஊறும் டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்புநீரில் ஒரு பகுதி, ஒரு நொதியின் வேலையால் டி.எச்.டி. என்ற வீரியம் கூடிய பொருளாக மாறுகிறது. வழுக்கை விழும் வம்சத்தில் பிறந்தவர்களுக்கு இந்த டி.எச்.டி., உச்சந்தலையிலும் நெற்றி ஓரத்திலும் உள்ள முடிக்குழிகளைச் சிறிது சிறிதாகச் சுருக்குகிறது. தடித்த முடி மெல்லியதாகி, மெல்லியது பூனைமயிராகி, பிறகு கண்ணுக்கே தெரியாமல் போகிறது. மாத்திரை அந்த நொதியைத் தடுத்து, இரத்தத்தில் உள்ள டி.எச்.டி.யை நூற்றுக்கு ஏறக்குறைய எழுபது பங்கு குறைத்துவிடும். டொமினிக்கன் குடியரசில் இந்த நொதிக் குறைவோடு பிறந்த சிலரைப் பற்றி 1974இல் வெளிவந்த ஆராய்ச்சிதான் இதற்கு வழிகாட்டியது. அவர்கள் வளர்ந்து ஆளான பிறகும் தலையில் வழுக்கை விழவில்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியும் அவர்களுக்குச் சிறியதாகவே இருந்தது. அதனால் அமெரிக்காவில் 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு ஐந்து மில்லிகிராம் மாத்திரையாகவும், 1997இல் வழுக்கைக்கு ஒரு மில்லிகிராம் மாத்திரையாகவும் இது அங்கீகாரம் பெற்றது.

என் தாய்மாமன்மார் மூவருக்கும் வழுக்கை. "எல்லாம் மாமன் கொடுத்த சீதனம்" என்று அம்மா சொல்வார். டாக்டரிடம் கேட்டேன். தாய்வழி முக்கியந்தான், ஆனால் தகப்பன் வழியிலும் வரும் என்றார். பாவம் மாமன்மார், பழி முழுவதும் அவர்கள் தலையிலேயே விழுந்திருந்தது.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: "சாப்பிடும்வரைதான் நிற்கும், சார்." நிற்கும் என்பது மட்டுந்தான் என் காதில் விழுந்தது.

நின்றது, பொய் சொல்லக்கூடாது. ஓராண்டில் வெள்ளை வட்டம் சிறுத்தது. செலவோ மாதம் நூறு வெள்ளிக்கு மேல். மாலை வகுப்பு நடத்திக் கிடைத்த பணத்தில் அதை வாங்கினேன். மாத்திரையைப் பள்ளியில் என் மேசை இழுப்பறையில் ஒரு சத்துமாத்திரைப் புட்டியில் போட்டு வைத்திருந்தேன். என் மனைவியிடம் சொல்லவில்லை. பிள்ளைக்குக் காலணி வாங்க யோசிக்கிற வீட்டில், அப்பன் தலைமுடிக்கு நூறு வெள்ளி என்று எந்த வாயால் சொல்வது? முதல் மாதம் சொல்லாததால் இரண்டாம் மாதமும் சொல்ல முடியவில்லை. அப்படியே ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

அடுத்து எழுதப்போவது எனக்குக் கூச்சமான விஷயம். குடும்பப் பத்திரிகை ஆகையால் நாசூக்காகவே சொல்கிறேன். 2018ஆம் ஆண்டு முழுவதும், கணவன் மனைவி என்ற முறையில் எனக்குள் ஒரு விலகல் ஏற்பட்டிருந்தது. ஆசை என்ற ஒன்றே மறந்துபோனதுபோல் இருந்தது. பரீட்சைப் பிள்ளைகளின் கவலை, வயது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 2019 பிப்ரவரியில் ஓரிரவு என் மனைவி விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் கேட்டாள்:

"என்னங்க, எம்மேல ஏதும் கோபமா?"

"கோபமா? ஒண்ணுமில்ல. யு.பி.எஸ்.ஆர். வேலை."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு வருடமாக அவள் அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு எனக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. மாத்திரை டப்பாவில் மடித்து வைத்திருந்த தாளை மறுநாள் பள்ளியில் முதல்தடவையாக முழுக்கப் படித்தேன். நான் சொன்ன குறை அதில் அச்சிட்டிருந்தது. அந்தச் சோதனைகளில் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேருக்கும், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்கும் இத்தகைய குறைகள் வந்திருந்தன. ஆக, மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. மார்ச் முதல் தேதி நிறுத்தினேன். டாக்டரையும் கேட்கவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை.

நிறுத்தியபின் என்ன நடக்கும் என்றுதானே கேட்கிறீர்கள்? முதலில் ஒன்றும் நடக்காது. அதுதான் ஏமாற்று. இரத்தத்தில் டி.எச்.டி. பழைய அளவுக்கு ஏற ஏறக்குறைய இரண்டு வாரமே போதும். ஆனால் அந்தச் சேதி தலைக்கு எட்ட மாதக்கணக்காகும். பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஆண்டுத் தொடக்க வெயிலில் மரங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து இலையுதிர்த்து நிற்கும், பிறகு ஒன்றுசேர்ந்து துளிர்க்கும். தலைமுடி அப்படியில்லை. ஒவ்வொரு முடிக்கும் தனிக்கணக்கு. சில ஆண்டுகள் வளரும், பிறகு சுமார் மூன்று மாதம் சும்மா இருக்கும், பிறகு உதிரும். நல்ல தலையிலும் நாளுக்கு ஐம்பது முதல் நூறு முடி கொட்டும். மருந்தின் பிடி விட்டதும், அதுவரை தாக்குப்பிடித்திருந்த முடிகள் பல ஓய்வுக்குப் போய்விடுகின்றன. உதிர்வது அதன்பிறகே. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் நான் சீவிச் சிங்காரித்துக்கொண்டு, மருந்தை ஏமாற்றிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

ஜூன் மாதம் சீப்பில் தெரிந்தது. ஜூலையில் குளியலறைத் தண்ணீர் போகாமல் தேங்கியது. என் முடிதிருத்துகிறவர் கழுத்தில் துணியைக் கட்டும்போதே, "சார், மாத்திரையை விட்டுட்டீங்களா?" என்று காதோடு கேட்டார். ஐந்து ஆண்டுகளாக நான் ஊரிலே யாரிடமும் சொல்லாத இரகசியம் அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? உச்சந்தலையைப் பார்த்தே பிழைப்பவருக்கு அது தெரியாதா!

ஆகஸ்டில் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மடியில் ஒரு செய்தித்தாள் துண்டு. அதில் என் தலையணையிலிருந்து பொறுக்கிய முடிகள். பல நாளாகச் சேர்த்திருக்கிறாள்.

"உங்களுக்கு என்ன நோய்னு இப்பவாவது சொல்லுங்க."

அவளுடைய அண்ணன் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்ட நாட்களில் இப்படித்தான் தலையணையில் முடி கிடந்ததாம். கணவன் ஒதுங்கிப் போனது, பேச்சுக் குறைந்தது, இப்போது முடி கொட்டுவது எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்துவிட்டாள். நான் சாகப்போகிறேன் என்றும் அதை அவளிடம் மறைக்கிறேன் என்றும் இரண்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தாள். நான் பிழைத்தால் தைப்பூசத்தன்று பத்துமலையில் எனக்கு மொட்டையடிப்பதாக வேண்டுதலும் வைத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். புட்டி, மாலை வகுப்புப் பணம், தாளில் படித்தது, அந்தப் பிப்ரவரி இரவில் நான் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. முடிக்காக நான் செய்த செலவைக் கேட்டு அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "நான் கெழவி ஆயிட்டேன்னு நெனச்சு ஒரு வருஷம் கண்ணாடியப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவளே என்னை அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண் டாக்டர். என்னைச் 'சிக்கு' என்று மரியாதையாக அழைத்தார். மலாயில் அது ஆசிரியர். தமிழில் அது முடியில் விழுவது. எனக்கு இரண்டுமே பொருந்தியது. நான் வாயில் வைத்துக்கொண்டு தவித்த கேள்விகளை எல்லாம் அவர் காய்ச்சலைப் பற்றிக் கேட்பதுபோல் சர்வசாதாரணமாகக் கேட்டார். கொட்டுவது புதுநோயல்ல, மாத்திரை தடுத்து வைத்திருந்ததுதான் இப்போது போகிறது என்றார். மருந்தால் கிடைத்தது ஓராண்டுக்குள் போய்விடும், மருந்தே எடுக்காதிருந்தால் இந்நேரம் தலை எப்படி இருந்திருக்குமோ ஏறக்குறைய அங்கே வந்து நிற்கும் என்றார். அடகுக்கடைக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தவன், வட்டியை நிறுத்தியதும் நகை போனதே என்று அழுத கதைதான் என் கதை. தேய்க்கும் மருந்தான மினாக்சிடிலும் இப்படித்தானாம். விட்டால் மூன்று நான்கு மாதத்தில் பலன் போய்விடும். அது முதலில் இரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததால் தலைக்குத் தேய்க்கும் மருந்தானது.

மற்றக் குறை பெரும்பாலோருக்கு மாத்திரையை நிறுத்தியதும் நீங்கிவிடும், சிலருக்கு மட்டும் நிறுத்தியபின்னும் நீடித்ததாக அறிக்கைகள் உண்டு என்றும் அவர் மறைக்காமல் சொன்னார். அமெரிக்காவில் 2012இல் அதை மருந்துத்தாளிலேயே சேர்க்க வைத்தார்கள். மனச்சோர்வு உண்டா என்றும் கேட்டார். அது ஏன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து நிறுவனம், ஒரு மில்லிகிராம் மாத்திரையின் பக்கவிளைவுகளில் தற்கொலை எண்ணமும் ஒன்று என உறுதிசெய்த செய்தியைப் படித்தபோது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. இதைச் சாப்பிடுகிற தம்பிமார் பயந்து ஓடவேண்டாம். பெரும்பாலோர் ஒரு தொல்லையுமின்றிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் மனம் இருண்டால் அதை முடி கொட்டும் கவலை என்று தள்ளிவிடாமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.

இன்னும் இரண்டு விஷயம், மறந்துவிடுவேன். நாற்பது வயது தாண்டியவர்கள் புராஸ்டேட்டுக்காக பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை செய்தால், இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும். அது அந்த எண்ணை ஏறக்குறைய பாதியாகக் காட்டும். இரத்ததானம் செய்வதானால் கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதமாவது காத்திருக்கச் சொல்வார்கள். அந்த இரத்தம் கர்ப்பிணிக்குப் போனால் வயிற்றிலுள்ள ஆண்குழந்தைக்கு ஆகாது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர், மலிவாக இருக்கிறதென்று ஐந்து மில்லிகிராம் மாத்திரையை வாங்கிச் சமையலறைக் கத்தியால் நான்காக நறுக்குகிறார். வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள். நறுக்கிய தூளைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. நான் சொல்லியும் கேட்கவில்லை, இதைப் படித்தாவது கேட்கட்டும்.

என் விஷயத்தில் அந்த விலகல் செப்டம்பர் வாக்கில் நீங்கியது. மாத்திரையை நிறுத்தியதாலா, இருட்டில் சொல்லாததை வெளிச்சத்தில் சொன்னதாலா என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது. என் மனைவிக்கு அதில் சந்தேகமேயில்லை. முருகன் என்கிறாள்.

தைப்பூசம் 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 8இல் வந்தது. "நோயே இல்லையே, வேண்டுதல் எதற்கு?" என்று கேட்டுப் பார்த்தேன். "நேந்தது நேந்ததுதான்" என்றாள். பத்துமலை ஆற்றங்கரையில், நாங்கள் விடியற்காலையில் போய் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு பையன், அடர்ந்த சுருட்டை முடி. அவனுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. என் முறை வந்ததும் சவரம் செய்கிறவர் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, மறுபடியும் என் தலையைப் பார்த்தார். மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது. சந்தனத்தைக் குழைத்து என் மனைவியே பூசினாள்.

விடுமுறை முடிந்து வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு வாண்டு எழுந்து நின்று, "ஐயா, திரும்ப முளைக்குமா?" என்று கேட்டான்.

"ஓரத்தில் முளைக்கும். நடுவில் முளைக்காது" என்றேன்.

"சரிங்கையா" என்று சொல்லிவிட்டு, அவன் கணக்குப் புத்தகத்தைத் திறந்தான்.