பெட்டிக்குள் ஒரு கிளி

பின்யாஸ் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் 'திக்ரியோ' கேட்டால் கொண்டுவந்து வைப்பது நம் வாழைக்காய்ப் பொடிமாஸைத்தான். தேங்காய்த் துருவலுக்குப் பதில் பாலாடைக்கட்டி, கூடவே முட்டை. பெயருக்குக் குட்டிப்புலி என்று பொருளாம். இரண்டு தட்டு சாப்பிட்டேன். விடியும் முன் காட்டுக்குள் நடக்க வேண்டுமே என்று ஒரு சாக்கு.

பின்யாஸ் இருப்பது ஈக்வடாரின் தென்மேற்கு மூலையில்; மாகாணத்தின் பெயர் எல் ஓரோ. ஸ்பானிய மொழியில் 'பொன்'. சருமா, போர்ட்டோவேலோ பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தங்கம் தோண்டுகிறார்கள். சுரங்கங்கள் ஊருக்கு அடியிலேயே புகுந்துவிட்டன. 2021 டிசம்பரில் சருமாவின் நடுவே தரை உள்வாங்கி வீடுகள் சரிந்தன. கீழே மச்சாலா நகரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை வாழைத் தோட்டம். இரண்டுக்கும் நடுவே மலைச்சரிவுகளில் காட்டை வெட்டி மாட்டுக்குப் புல் வளர்த்திருக்கிறார்கள். பேருந்தில் ஏறி வரும்போது காடு எங்கே என்றுதான் தேடிக்கொண்டு வந்தேன். மிஞ்சியிருக்கும் துண்டுகளில்தான் நான் தேடி வந்த எல் ஓரோ கிளி இருக்கிறது.

அலகிலிருந்து வால் நுனி வரை 22 செ.மீ. நம்மூர் மைனாவைவிடச் சற்றே சின்னது. உடம்பெல்லாம் பச்சை, நெற்றியிலும் இறக்கை மடிப்பிலும் சிவப்பு. இதன் பேரினத்துக்குப் பிர்ருரா என்று பெயர். 'தீ நிற வால்' என்று பொருள். ராபர்ட் ரிட்ஜ்லி என்ற அமெரிக்கப் பறவையியலாளர் 1980ல் இதைக் கண்டார். அவரும் மார்க் ராபின்ஸும் 1988ல் புதிய இனம் என்று அறிவித்து, ஈக்வடாரின் விலங்கியலாளர் குஸ்தாவோ ஓர்செஸின் பெயரைச் சூட்டினார்கள். 'கண்டுபிடித்தார்' என்பதெல்லாம் நமக்குத்தான். அந்தச் சரிவில் மாடு மேய்த்தவர்களின் தலைக்கு மேல் அது தினமும் கத்திக்கொண்டுதான் பறந்திருக்கும்.

பின்யாஸுக்குப் பக்கத்தில் புவெனவென்துரா காப்பகம். ஹொகொதொகோ என்ற அறக்கட்டளை 1999ல் நிலத்தை விலைக்கு வாங்கித் தொடங்கியது. முதல் நாள் எனக்குக் காட்டியது வெறும் மூட்டம். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரம் சரிவில் முட்டிப் புகைபோல நிற்கிறது. எதிரே பத்தடியில் இருக்கும் மரமும் நிழலாகத்தான் தெரிகிறது. இருநோக்கியைத் துடைத்துத் துடைத்துச் சட்டை நனைந்ததுதான் மிச்சம். ஆறுதலுக்கு, கழுத்திலிருந்து கறுத்த தாடி தொங்கும் குடைப்பறவை ஒன்று கிடைத்தது. அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. நான் கிளி நினைப்பில் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. இப்போது வருத்தமாக இருக்கிறது.

மறுநாள் அழைத்துப்போன காவலருக்கு ஆங்கிலம் தெரியாது. என் ஸ்பானிஷ் காய்கறி விலை கேட்கும் அளவு. ஒரு மணி நேரம் சேற்றில் நடந்தபின் நின்று, கையைத் தூக்கிக் காட்டினார். மரத்தில் உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி. அதில் எண் எழுதியிருந்தது.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை தூரம் வந்து, பெட்டியிலா? நம்மூரில் பெட்டிக்குள் கிளி என்றால் மரத்தடி ஜோசியர்தான் நினைவுக்கு வருவார். என் முகத்தைப் பார்த்தே காவலருக்குப் புரிந்திருக்க வேண்டும். பக்கத்து மரத்தின் அடிப்பகுதியை இரு கைகளால் வளைத்துக் காட்டினார். விரல்கள் எளிதாகத் தொட்டுக்கொண்டன. "ஹோவென்" என்றார். இளசு. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. இந்தக் கிளி மரப்பொந்தில்தான் முட்டையிடும். பொந்து விழ மரம் கிழடாக வேண்டும், உள்ளே உளுக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் இப்போது நட்டு வளர்க்கும் மரங்களுக்கு அந்த வயது வரக் கிளி காத்திருக்க முடியாது. அதுவரைக்கும் பலகை.

முதலில் சத்தம், இரும்புக் கீல் கிறீச்சிடுவதுபோல. மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஏழு பறவைகள் வந்து இறங்கின. காவலர் ஏழு விரல்களைக் காட்டி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டார்: ஒரே குடும்பம். இந்த இனத்தில் பெற்ற ஜோடி மட்டும் குஞ்சு வளர்ப்பதில்லை; கூட இருக்கும் கிளிகளும் இரை கொண்டுவந்து ஊட்டும். ஒன்று பெட்டி வாசலில் தொற்றிக்கொண்டு தலையை உள்ளே விட்டது. உள்ளேயிருந்து சின்னக் குரல்கள். அது வெளியே வந்ததும் அடுத்தது உள்ளே போனது. நெற்றிச் சிவப்பு அந்தச் சாம்பல் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிந்தது. நான்கு நிமிடம் இருக்கும். பிறகு கிறீச்சிட்டபடியே சரிவுக்குக் கீழே போய்விட்டன.

பறவை பார்க்கிறவர்களுக்குள் ஒரு கௌரவம் உண்டு: தானாகத் தேடிப் பார்த்ததுதான் கணக்கு, கூடு காட்டிப் பார்த்தது இரண்டாம்பட்சம். நானும் அந்தக் கட்சிதான். அன்று இரவு குறிப்பேட்டில் எண்ணிக்கை 7 என்று எழுதி, பக்கத்தில் பெட்டியின் எண்ணையும் சேர்த்தே எழுதினேன்.

போக நினைப்பவர்கள் இரண்டு இரவாவது தங்குங்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் அவசியம். குடைப்பறவையை ஒழுங்காகப் பாருங்கள்.