சுழலாத கால்

கால் என்னும் சொல்லுக்குச் சக்கரம் என்றும் பொருளுண்டு. இதனை முதலாமாண்டு மாணவர்க்கு விளக்கப் புகும்போதெல்லாம் நாம் திருக்குறளின் இடனறிதல் அதிகாரத்தை நாடுவது வழக்கம். தேர் கடலில் ஓடுவதில்லை, நாவாய் நிலத்தில் ஓடுவதில்லை என வள்ளுவர் உணர்த்துமிடம் 496ஆம் குறள். ஒருமுறை பெரியதாழையிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர் எழுந்து, "எங்க ஊர்ல நாவாயும் தரையில ஓடும் சார், டிரெய்லர்ல ஏத்திட்டா" என்றார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் படகு நிலத்தில் ஓடுவதற்கு எத்துணைப் பாடு உண்டு என்பதைப் பின்னர்ச் சாத்தான்குளத்துப் பட்டறை ஒன்றில் நேரிற் கண்டோம்.

சாத்தான்குளம் கடலோர ஊரன்று. செம்மணல் தேரிகளை அடுத்த உள்நாட்டு ஊர். தென்கிழக்கே சென்றால் மணப்பாடும் பெரியதாழையும் வரும். எம் வீட்டு இரும்புக் கதவின் கீல் முறிந்தமையால் ஒட்டு வைக்கச் சென்றிருந்தோம். பட்டறை முற்றத்தில், பழுது நீக்கிய பைபர் படகொன்று டிரெய்லரின் மீது நின்றது. இழுத்து வந்த வண்டியைக் கழற்றிவிட்டபடியால், டிரெய்லரின் முன்மூக்கு ஒரு ஜாக்கியின் மீது தாங்கி நின்றது. அந்த ஜாக்கியின் அடியில் ஒரு சிறு சக்கரம். அது உருளவும் வேண்டும், திசைக்கேற்பச் சுழலவும் வேண்டும்.

அன்று அது சுழலவில்லை. இளைஞர் இருவர் மூக்கைப் பக்கவாட்டில் தள்ளினர். சக்கரம் குறுக்கே நின்று மண்ணை உழுதது, ஜாக்கி சாய்ந்தது, ஓர் இளைஞர் நூலிழையில் தம் பாதத்தை இழுத்துக்கொண்டார். படகின் எடை அப்பாதத்தில் இறங்கியிருப்பின், அவர் மறுபடி கடலுக்குப் போவது எந்நாளோ! அதனைக் கண்ட படகுக்காரர் பொறுமையிழந்து, "அண்ணாச்சி, சுத்தியலால ரெண்டு போடு போடுங்க. இல்லன்னா நேரா வச்சு ஒட்டிருங்க" என்றார். நாளை விடியுமுன் படகு கரையில் இருக்க வேண்டுமென்பது அவர் கவலை. தொழிலுக்குப் போகாத நாளுக்குக் கூலி தருவார் யார்?

பட்டறைக்காரர் முதியவர். சுத்தியலைத் தொடவில்லை. "ஏல தம்பி, மொதல்ல பாரத்த எறக்கு" என்றார்.

டிரெய்லரின் பெரிய சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கற்களை அண்டை கொடுத்தனர். மூக்கின் அடியில் தடித்த மரக்கட்டைகளை அடுக்கினர். ஜாக்கியைச் சுற்றி உயர்த்தவே, சிறு சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. பின்னர் அவர் செய்த ஆராய்ச்சி, பாடவேறுபாடு பார்க்கும் பதிப்பாசிரியரின் பணியை ஒத்தது எனின் மிகையன்று. சக்கரத்தை விரலால் தட்டினார்; உருண்டது. சக்கரத்தைப் பற்றியிருக்கும் கவையைத் திருப்பினார், அசையவில்லை. ஆகவே நோய் உருளும் இடத்தில் இல்லை, சுழலும் இடத்தில் உள்ளது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் சக்கரத்தை மாற்றிக் காசைத் தொலைப்பவரே பலராம். பாரமின்றிச் சுழன்று பாரம் ஏறியதும் இறுகினால், எடை தாங்கும் பேரிங்கையோ வாஷரையோ ஐயுற வேண்டும். வட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் சிக்கினால் நடு ஆணி வளைந்திருக்கலாம், அல்லது குண்டுகள் ஓடும் தடம் குழி விழுந்திருக்கலாம். சுற்று முழுதும் ஒரே சீராக இறுகினால் துருவும் உலர்ந்த கிரீஸும் என்று கொள்ளலாம். இங்கு மூன்றாவதே.

இச்சிறு சக்கரத்தின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. நடு ஆணிக்கு நேர்கீழே சக்கரம் தரையைத் தொடுவதில்லை. சற்றே விலகித் தொடும். அவ்விலகலால்தான், தள்ளும் திசைக்குப் பின்னாகச் சக்கரம் தானே வந்து சேர்கிறது. மருத்துவமனைத் தள்ளுகட்டிலிலும் இதே அமைப்பே. திசையை எதிர்ப்புறம் மாற்றும்போது கவை அரைவட்டம் சுற்றியாக வேண்டும். நின்ற இடத்திலேயே முறுக்காமல், சற்று உருளவிட்டுத் திருப்பினால் எளிதிற் சுற்றும். நேராக வைத்து ஒட்டியிருந்தால் படகை நேரே கொண்டு போகலாம், திருப்ப இயலாது.

ஆணியைக் கழற்றியபோது வெளிப்பட்டது செந்நிறச் சேறு. பட்டறை வாயிலில் கிடந்த தேரிமணலும் அதே நிறம். மணலுக்குச் செம்மை தருவதும் இரும்பின் துருவே ஆதலின் வியப்பில்லை. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. கரையில் படகை இறக்கும்போது அந்நீர் ஆணிக்கும் குழாய்க்கும் இடையே புகும். பின்னர் டிரெய்லர் வாரக்கணக்கில் சும்மா நிற்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்வது. ஆதலின் சிறு இடைவெளியும் அடைபட்டு இறுகிவிடும். கிரீஸில் கலந்த மணலோ அரைக்கும் கல்லாகிவிடும்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் கொண்டு ஆணியைப் பளபளப்பாக்கினார். உப்பு செய்த கேட்டிற்கு உப்புத்தாள் மருந்து! பொருள்வழி உறவு ஏதும் இல்லையாயினும் சொல்வழி நயம் கருதிக் குறிக்கிறோம். குழி விழுந்த பேரிங்கை எறிந்துவிட்டுப் புதியது இட்டார். நீர் தாங்கும் கிரீஸை நிறைத்தார்.

தமிழ் பயில்வார்க்கு இஃதெல்லாம் எதற்கு எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். 'மசகு' என்னும் சொல்லை அன்று அம்முதியவர் வாயிற் கேட்டோம். அவர்தம் தந்தையார் காலத்தில் வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயிற் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு இடுவார்களாம். அச்சொல் அகராதியில் இருக்கிறது. எம் வகுப்பறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பட்டறைகளில் வழங்கும் சொற்களைத் தொகுப்பது முதுகலை மாணவர் ஒருவர்க்கு நல்ல ஆய்வுப் பொருள் என்றே கருதுகிறோம்.

மாலை நான்கு மணியளவில் கவை ஒரு விரல் தட்டுக்கே சுற்றிச் சுழன்றது. ஆயினும் அண்ணாச்சி விடவில்லை. ஜாக்கிக் குழாய் நிமிர்ந்து நிற்கிறதா எனத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். சாய்ந்திருந்தால் கவை எப்போதும் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடுமாம். படகைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி ஏற்றச் செய்தார். மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மூக்கில் இறங்கினால் போதும் என்பது அவர் கணக்கு. "கடல்ல நனைஞ்ச அன்னைக்கே நல்ல தண்ணி ஊத்திக் கழுவணும். மணல்ல நிறுத்தினா அடியில பலகை போடு, என்ன?" என்றார். படகுக்காரர் தலையசைத்தார்.

உமணர் தம் உப்பு வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை, பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார் உவமையாக்குவது புறநானூற்று 102ஆம் பாட்டு. அதனை நாம் எடுத்துரைத்தோம். "அப்பவே தெரிஞ்சிருக்கே சார்" என்ற அண்ணாச்சி, பெட்டியைத் துழாவி மற்றுமோர் ஆணியை எடுத்துக் கிரீஸ் தடவி, சாக்குத்துணியிற் சுற்றி, டிரெய்லரின் அடிச்சட்டத்தில் கம்பியால் கட்டினார். அதற்குத் தனியே காசு வாங்கவில்லை. எம் கதவுக் கீலுக்கு மறுநாள் வரச் சொன்னார்.