வரப்பில் நின்றவர்களுக்கு

பூலாவரி, நிலவாரப்பட்டி, குள்ளம்பட்டி, ராமலிங்கபுரம், குப்பனூர், அச்சாங்குட்டப்பட்டி, மஞ்சவாடி என்று சேர்வராயன் மலையடிவாரத்திலும் சேலத்தைச் சுற்றியும் 2018ஆம் ஆண்டு தங்கள் காட்டில் நின்று “தரமாட்டோம்” என்று சொன்ன அக்காமாருக்கும் அம்மாயிகளுக்கும் அண்ணன்மாருக்கும் பெரியவர்களுக்கும்,



ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. ஆனால் மலைக்காரர்களுக்கும் உங்களுக்கும் தண்ணீர் வழியாக ஓர் உறவு இருக்கிறது. இந்த மலையில் பெய்யும் மழைதான் திருமணிமுத்தாறாகவும் சரபங்காவாகவும் வாணியாறாகவும் கீழே இறங்குகிறது. எங்கள் காபியும் மிளகும், உங்கள் தென்னையும் பாக்கும் மஞ்சளும் குச்சிக்கிழங்கும் ஒரே மழையை நம்பி இருப்பவை. எட்டுவழிச் சாலைக்காகக் கல் நட வந்தபோது நீங்கள் காத்து நின்றது உங்கள் பட்டா நிலத்தை மட்டுமல்ல. சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே இருக்கும் மஞ்சவாடிக் கணவாயையும், தெற்கே ஜருகுமலைக் காட்டையும் சேர்த்தேதான் காத்தீர்கள். அதற்கான நன்றியை யாரும் முறையாக உங்களிடம் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர் நீளத்தில், சுமார் 10,000 கோடி ரூபாய் செலவில், பாரத்மாலா திட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட சாலை அது. பெயர் பசுமைவழிச் சாலை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் என்று ஐந்து மாவட்டங்கள் வழியாகப் போகவேண்டியது. சென்னைக்குப் போக உளுந்தூர்பேட்டை வழியாக ஒரு நெடுஞ்சாலை, கிருஷ்ணகிரி வழியாக இன்னொன்று என்று ஏற்கெனவே இரண்டு இருந்தன. மூன்றாவது வந்தால் பயண நேரம் பாதியாகும் என்றார்கள். யாருடைய பயணம் என்று நீங்கள் கேட்டீர்கள். கஞ்சமலை இரும்புத்தாதுக்காகவா என்றும் கேட்டீர்கள். நேரான பதில் உங்களுக்குக் கடைசிவரை வரவில்லை.

உங்கள் துணிச்சலை அளக்க வேண்டுமென்றால் அந்த நாட்களின் தேதியைப் பார்க்க வேண்டும். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போன மக்கள்மீது காவல்துறை சுட்டது. அதில் பதின்மூன்று பேர் செத்தார்கள். தமிழ்நாடு முழுக்க, மனு கொடுக்கப் போகிறவர்கூட வீட்டில் சொல்லிவிட்டுப் போகும் நிலை. அதற்கடுத்த மாதம்தான் அளவைக்காரர்கள் போலீஸ் பாதுகாப்போடு உங்கள் ஊர்களுக்கு வந்தார்கள். சுட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே வரப்பில் போய் நின்றீர்கள். கையில் ஒன்றும் இல்லாமல் நின்றீர்கள். பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு. நட்ட கல்லுக்கு முன்னால் மண்ணில் விழுந்து அழுதவர்கள் உண்டு. அழுதுவிட்டு எழுந்து அந்தக் கல்லைப் பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. வீட்டுக் கூரையில் கறுப்புக் கொடி கட்டினீர்கள். தாசில்தார் அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாற்றி மாற்றி மனு எடுத்துக்கொண்டு நடந்தீர்கள்.

அந்த அழுகையைத் தொலைக்காட்சியில் பார்த்த நகரத்துக்காரர்கள் சிலர் அதைப் பலவீனம் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தென்னைக்கு இவ்வளவு, மாமரத்துக்கு இவ்வளவு என்று விலை சொன்னபோது, அந்த மரத்தை வைத்த ஆள் யார், எந்த வருஷத்துப் பஞ்சத்தில் குடத்தில் தண்ணீர் சுமந்து அதைப் பிழைக்க வைத்தோம் என்று நீங்கள் பதில் சொன்னீர்கள். அரசாங்கத்தின் கணக்குக்கு எதிராக உங்கள் கையில் இருந்த கணக்கு அது. அழுதுகொண்டே சொன்னாலும் அதில் ஒரு எண்கூடத் தப்பாக இருந்திருக்காது.

உங்களோடு வந்து நின்றவர்களுக்கும் இந்த நன்றியில் பங்கு இருக்கிறது. சேலத்துச் சூழலியல் செயற்பாட்டாளர் பியூஷ் மானுஷ் ஜூன் 18 அன்று கைதானார். அடுத்த நாள் மாணவி வளர்மதி கைதானார். அதற்கு முந்தைய வருஷம்தான் துண்டறிக்கை கொடுத்ததற்காக அந்தப் பெண்ணைக் குண்டர் சட்டத்தில் அடைத்து, பிறகு உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்திருந்தது. மறுபடியும் சிறை என்று தெரிந்தும் உங்கள் ஊருக்கு வந்தார். ஆகஸ்டில் திருவண்ணாமலையிலிருந்து சேலத்துக்கு நடக்கக் கிளம்பிய மார்க்சிஸ்ட் கட்சியினரைத் தொடக்கத்திலேயே பிடித்தார்கள். செப்டம்பரில் திருவண்ணாமலைப் பக்கம் விவசாயிகளைப் பார்க்க வந்த யோகேந்திர யாதவையும் விடவில்லை. நடப்பதும் பேசுவதும் குற்றமாக இருந்த சில மாதங்கள் அவை. அன்றைய முதலமைச்சரே இந்த மாவட்டத்துக்காரர் என்பது உங்கள் வேலையை லேசாக்கவில்லை. இன்னும் கடினமாக்கியது என்றே சொல்வேன்.

உங்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு 1939 ஞாபகம் வருகிறது. அந்த வருஷம் செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். போருக்கு ஆளும் பணமும் கொடுக்கப்போகிற நாட்டில் ஒருவரையும் கேட்கவில்லை. மாகாணங்களில் இருந்த காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபையும் அதில் ஒன்று. ஒரு வருஷம் கழித்து, 1940 அக்டோபரில், காந்தி தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். பவுனாரில் முதல் ஆளாக நின்றவர் வினோபா பாவே. அதில் கூட்டம் கிடையாது, ஊர்வலம் கிடையாது. ஒரே ஒரு ஆள், முன்கூட்டியே அதிகாரிக்குத் தகவல் சொல்லிவிட்டு, பொது இடத்தில் நின்று, இந்தப் போருக்கு ஆளோ பணமோ கொடுத்து உதவுவது தவறு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொன்னவுடன் கைது. அந்த டிசம்பரில் ராஜாஜியும் அப்படித்தான் சிறைக்குப் போனார். சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர்.

கேட்காமல் எடுக்கும் முடிவுக்கு ஒத்துழைக்க மாட்டேன் என்று தனியாளாக நின்று சொல்வதுதான் அந்தப் போர் எதிர்ப்பின் சாரம். நீங்கள் செய்ததும் அதுதான். உங்கள் நிலத்தை எடுக்கப் பயன்பட்ட தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956ஆம் வருஷத்தது. 2013இல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம், சில வகைத் திட்டங்களுக்காவது, நிலத்துக்காரரின் ஒப்புதல் வேண்டும், சமூகத் தாக்கத்தை ஆராய வேண்டும் என்கிறது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பகுதியெல்லாம் பொருந்தாது என்று விலக்கு இருக்கிறது. இழப்பீட்டில் மட்டும் புதிய சட்டம், கேட்பதில் பழைய சட்டம். ஆகவே உங்களிடம் யாரும் “சம்மதமா?” என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்காத கேள்விக்கு நீங்களாகவே பதில் சொன்னீர்கள். அதுவும் அவரவர் காட்டில், அவரவர் வரப்பில், ஒவ்வொருவராக.

ராஜாஜியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய 1953ஆம் வருஷத்துக் கல்வித் திட்டத்தில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களுக்கும் நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஆனால் அணு ஆயுதத்தை அவர் எதிர்த்த விதத்தை நினைத்தால் மரியாதை வருகிறது. 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டனுக்குப் போய் ஜனாதிபதி கென்னடியைப் பார்த்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று நேரில் சொன்னார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இவரால்தான் அது நடந்தது என்று சொல்ல மாட்டேன். உலகம் முழுக்க எத்தனையோ தாய்மார்களும் விஞ்ஞானிகளும் மாணவர்களும் சொன்னதில் சேலத்து வக்கீல் ஒருவரின் குரலும் இருந்தது.

போர் நம் மலைக்கு எட்டாத தூரத்தில் நடக்கிற விஷயம் என்று நான் நம்பவில்லை. சேர்வராயன் மலையுச்சியைச் சுரண்டி எடுத்த பாக்சைட் மேட்டூர் ஆலைக்குப் போய் அலுமினியமானது. அலுமினியம் இல்லாமல் விமானம் இல்லை, போர் விமானமும் இல்லை. எட்டுவழிச் சாலையின் அதே 2018ஆம் ஆண்டில்தான் பாதுகாப்புத் தளவாடங்கள் செய்யும் தொழில் வழித்தடம் ஒன்று தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. சென்னை, ஓசூர், கோவை, திருச்சி ஆகியவற்றோடு சேலமும் அதில் ஒரு முனை. நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. எந்த வேலை, எந்த நிலத்தின் மேல், யாருக்கு எதிராகப் பயன்படும் பொருளைச் செய்ய என்று கேட்கிற பழக்கம் ஊரில் இருக்க வேண்டும் என்கிறேன். அந்தப் பழக்கத்தை எங்களுக்கு உண்டாக்கியவர்கள் நீங்கள். உங்களைப் பார்த்த பிறகு மலையில் ஒரு அரசாணை வந்தால் “இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லு” என்று கேட்கும் பெரியவர்களை நான் பார்க்கிறேன்.

2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் டி.எஸ்.சிவஞானமும் பவானி சுப்பராயனும் நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை ரத்து செய்தார்கள். சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் நிலத்தில் கை வைக்கக் கூடாது என்றார்கள். ஆவணங்களில் மாற்றிய பெயர்களைத் திரும்பவும் உங்கள் பெயருக்கே மாற்றச் சொன்னார்கள். பட்டாசு வெடித்தீர்கள், இனிப்புக் கொடுத்தீர்கள். வழக்கறிஞர்கள், பூவுலகின் நண்பர்கள் அமைப்பினர், கட்சிக்காரர்கள் என்று பலர் சேர்ந்து நடத்திய வழக்கு அது. ஆனாலும் வரப்பில் யாரும் நிற்காமல் போயிருந்தால் கோர்ட்டில் வாதாட எதுவும் மிஞ்சியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பிறகு 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தொடக்க அறிவிக்கைகள் செல்லும் என்றது. சுற்றுச்சூழல் அனுமதி முதலிலேயே வேண்டியதில்லை என்றது. பட்டாவில் அவசரமாகப் பெயர் மாற்றியதை மட்டும் ஏற்கவில்லை. அன்று மாலை உங்களில் சிலர் பேச்சே வராமல் உட்கார்ந்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். தோற்றுவிட்டோம் என்று நினைத்திருப்பீர்கள். நான் இதை எழுதும் நாள்வரை அந்தச் சாலை போடப்படவில்லை. மஞ்சவாடியில் மலை வெட்டப்படவில்லை. உங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, குச்சிக்கிழங்கு மில்லுக்குப் போகிறது, மார்கழியில் மாமரம் பூக்கிறது.

எல்லோரும் கடைசிவரை நிற்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கடன் நெருக்கி, மகளின் கல்யாணம் நெருங்கி, பணம் வந்தால் போதும் என்று நினைத்த குடும்பங்கள் உங்கள் ஊரிலேயே உண்டு. அண்ணன் தம்பிக்குள் அதனால் பேச்சு நின்ற வீடுகளும் இருக்கலாம். அவர்களைத் துரோகி என்று சொல்லாமல் விட்டுவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஏழையை அவனுடைய நிலத்துக்கும் அவனுடைய கடனுக்கும் நடுவே நிறுத்தியது யார் என்ற கேள்வியை மட்டும் விடாதீர்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அந்த ஜூன் மாதம் என்ன நடந்தது, யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், எந்த வேனில் எங்கே கொண்டுபோனார்கள் என்பதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும். வழக்குக் கட்டில் இருப்பது அதிகாரிகளின் வார்த்தை. உங்கள் வார்த்தையில் ஒரு பதிவு வேண்டும். அம்மாயிகளுக்கு வயதாகிறது. எங்கள் மலைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் சிலர் நோட்டும் போனும் எடுத்துக்கொண்டு குப்பனூர்ச் சாலை வழியாகக் கீழே வரத் தயாராக இருக்கிறார்கள். அறுப்பு முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள். வீட்டுக்கு ஒருவராவது உட்கார்ந்து பேசினால் போதும். சோறு நாங்களே கொண்டுவந்துவிடுகிறோம்.


ஏற்காட்டிலிருந்து உங்கள் மலைச் சொந்தம்