டிரெய்லர் போட்ட சத்தம்

எங்க ஊர்ப்பக்கம் சத்தம் இல்லாத எடமே கெடையாதுங்க. சோமனூர்ல எந்த வீதிக்குள்ள பூந்தாலும் தறிச் சத்தம்தான். எங்க தோட்டம் ஊருக்குக் கொஞ்சம் தள்ளி. ஆனாலும் காத்து இந்தப் பக்கம் திரும்பினா ராத்திரி கட்டல்ல படுத்திருக்கறப்ப கேக்கும். கரண்ட் போயி எல்லாத் தறியும் ஒண்ணா நின்னுச்சுன்னா தூக்கம் கலைஞ்சு எந்திரிச்சு உக்காந்துக்குவோம். அப்படிப்பட்ட ஊர்ல பொறந்துட்டு, என்ர சொந்த டிரெய்லர் போட்ட சத்தத்த ஒரு மாசமா நான் காதுல வாங்காம இருந்ததுதான் இந்தக் கதை.

பொங்கல் முடிஞ்சு சோளத்தட்டு அறுப்பு ஆரம்பிச்ச சமயம். ரெண்டு சக்கர டிரெய்லர், பழசு. தட்டு ஏத்திக்கிட்டு வர்றப்ப 'டக்'குனு ஒரு சத்தம். கொஞ்ச தூரம் போனா மறுபடி 'டக்'. ரோடு சரியில்ல, அதான்னு விட்டுட்டேன். மொதல்ல சொன்னது அம்மாதான். "சாமி, வண்டி என்னமோ பல்லக் கடிக்குது, என்னன்னு பாரு"ன்னாங்க. பாக்கலாம்னு சொன்னேன். பாக்கல.

அப்பறம் களை வெட்ட வர்ற அக்கா ஒருத்தங்க, சாயங்காலம் டிரெய்லர்ல ஏத்தி ஊருக்குள்ள விடறப்ப சொன்னாங்க: "ஏனுங்க தம்பி, முன்னால உக்காந்தா காலுக்கு அடில இடிக்குதுங்க. நாங்க பின்னாலயே உக்காந்துக்கறோம்." அன்னைக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரும் பின்னால தள்ளி உக்காந்துக்கிட்டாங்க. இதை மனசுல வச்சுக்கங்க, பின்னால வருது.

அடுத்த நாள் மெக்கானிக் ஒருத்தர்கிட்டக் கொண்டுபோனேன். கட்டை சுத்தி வந்தார், பட்டை லூசுங்கன்னார், யூ போல்ட்டெல்லாம் முறுக்கினார், காசு வாங்கினார். திரும்பி வர்ற வழியிலயே 'டக்'. அப்பறம் நானா ஒரு வேலை பண்ணினேன். பின் கதவு கொண்டியிலயும் சங்கிலியிலயும் சாக்குத் துணிய இறுக்கிச் சுத்திக் கட்டினேன். பாதிச் சத்தம் போயிருச்சு. அதாவது லொடலொடன்னு ஆடற சத்தம் போயிருச்சு. அந்த ஒத்த 'டக்' மட்டும் முன்னவிட நல்லாக் கேக்க ஆரம்பிச்சுது. (இதை மொதல்லயே பண்ணியிருக்கோணும். பத்து சத்தம் கலந்து வர்றப்ப, கட்டி நிறுத்த முடிஞ்சதையெல்லாம் கட்டிட்டாத்தான் மிச்சம் என்னன்னு தெரியும்.)

அந்த ஞாயித்துக்கெழமை அக்காவும் மச்சானும் ஒறம்பரைக்கு வந்தாங்க. மச்சான் எட்டுத் தறி வச்சு ஓட்டறவர். கூலி ஒசத்தித் தரச் சொல்லி ஸ்ட்ரைக், தறி நிறுத்தம்னு எதையாச்சும் பேசிக்கிட்டேதான் இருப்பார். ஆனா தறி ஓடறப்ப வெளிய திண்ணையில உக்காந்துக்கிட்டே, "மூணாவது தறியில பிக்கிங் அடி சரியில்ல, போயி நிறுத்து"ம்பார். அவர்கிட்ட விஷயத்தச் சொன்னேன். "கீழ படுத்துப் பாக்கறதுக்கு முன்னால ஓட்டிக் காட்டு மாப்ளே"ன்னுட்டுக் கெணத்து மேட்டுல போயி உக்காந்துக்கிட்டார்.

வெறும் வண்டியா நாலு சுத்து ஓட்டினேன். இறங்கினதும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "வேகம் போனாச் சத்தமும் வேகமா வருதா?"

யோசிச்சுப் பாத்தா, இல்லீங்க. கிளட்ச் விட்டுக் கெளப்பறப்ப ஒண்ணு. பிரேக் மிதிக்கறப்ப ஒண்ணு. கியர் மாத்தறப்ப ரெண்டு. சமமான தடத்துல ஒரே வேகத்துல போனா ஒண்ணுமே இல்ல.

"அப்ப அது சக்கரத்துச் சத்தம் இல்ல, உன் காலுச் சத்தம்"னார். பேரிங்கோ டயரோ போயிருந்தா சக்கரம் சுத்தற கணக்குக்குத்தான் சத்தம் வரும். பட்டைன்னா குழியில எறங்கறப்ப வரும். கால் வைக்கறப்பவும் எடுக்கறப்பவும் வருதுன்னா, இழுக்கறதும் தள்ளறதும் மாறற எடத்துல ஆட்டம் இருக்குதுன்னு அர்த்தம். டிராக்டரும் டிரெய்லரும் சேர்ற கொக்கிய விட்டா வேற எங்க அந்த ஆட்டம் வரும்?

சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் கல்லு வச்சு, முன்பக்கம் முட்டுக் குடுத்துட்டுப் பின்னை உருவினோம். வரல. சுத்தியல்ல தட்டித்தான் வந்துச்சு. வெளிய வந்ததப் பாத்ததும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

அது பின்னே இல்லீங்க. போன வருசம் மக்காச்சோளம் அடிக்கறப்ப பழைய பின் எங்கியோ தொலைஞ்சுபோச்சு. அவசரத்துக்கு வீடு கட்டி மிச்சமான 25 எம்.எம். கம்பிய ரெண்டடிக்கு வெட்டிச் சொருகி, கீழ லாக்குக்குப் பதிலாக் கட்டுக்கம்பிய முறுக்கி விட்டிருந்தேன். நாளைக்கு மாத்திக்கலாம்னு. அந்த நாளைக்கு ஒரு வருசமாச்சு. கம்பி நடுவுல தேஞ்சு இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்துது.

அப்பத்தான் அந்த எட்டுப் பேர் நெனப்பு வந்துச்சு. ரெண்டு சக்கர டிரெய்லர்ல எடை முன்னால இருந்தாக் கொக்கி மேல அமுங்கும். பின்னால இருந்தா மூக்கத் தூக்கும். அன்னைக்கு அவங்க அத்தன பேரும் பின்னால உக்காந்திருந்தப்ப அந்தக் கம்பி முறிஞ்சிருந்தா, டிரெய்லர் அப்படியே பின்பக்கம் குடை சாஞ்சிருக்கும். சரக்கு வண்டியில ஆள் ஏத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கறது எனக்கும் தெரியும். எல்லாரும் ஏத்தறாங்க, நானும் ஏத்தினேன். மச்சான் ஒண்ணும் சொல்லல. கம்பிய என் கையில குடுத்துட்டுக் கை கழுவப் போயிட்டார். திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு.

திங்கக்கெழமை லேத்துக்குப் போனோம். டிரெய்லர் வளையம் வட்டமா இருக்க வேண்டியது முட்டை மாதிரி நீண்டிருந்துது. வெர்னியர் வச்சு அளந்தா நீளவாக்குல 39 எம்.எம். வெல்டு வச்சு நெரப்பிக் கொடஞ்சு குடுங்கன்னு கேட்டேன், செலவு கம்மி. லேத்துக்காரர் பதில் பேசாம வளையத்துல டீசல் ஊத்தி, கொஞ்ச நேரம் விட்டுத் தொடச்சு, சாக்பீஸ உரசிப் பூசினார். ரெண்டு நிமிசத்துல வெள்ளைக்கு நடுவுல மசிக் கோடு மாதிரி ஒண்ணு எழும்பி வந்துச்சு. விரிசல். உள்ள எறங்கின டீசல் கசிஞ்சு வர்ற கோடு அது. "இதுமேல வெல்டு வச்சா உங்களுக்கும் எனக்கும் பாவம்"னார். பழச அறுத்துட்டுப் புது வளையம், இ.என். 8 உருட்டுல கடைஞ்ச 32 எம்.எம். பின், கைப்பிடி, கீழ கிளிப்புக்கு ஓட்டை, எல்லாம் சேத்து 2,800 ரூபா. அதோட கொக்கிக்குப் பக்கத்துல தனியா ஒரு சங்கிலியும் போடச் சொன்னேன். பின் போனாலும் சங்கிலி பிடிக்கட்டும்.

ஓட்டிப் பாத்தா 'டக்' இல்ல. ஆனா திருப்பத்துல 'கிரீச்'. அது வெறும் கிரீஸ் பஞ்சம்தான். ரெண்டு விரல் தடவினேன், நின்னுது. ஆஸ்திரேலியாவுல இருக்கற சித்தப்பா பையன்கிட்ட இதைப் போன்ல சொன்னேன். அவன் கார் பின்னால கேரவன் கட்டி ஊர் சுத்தறவன். அங்க கொக்கிக்குப் பதிலா 50 எம்.எம். இரும்புக் குண்டு, அதுமேல கிண்ணம் மாதிரிப் பூட்டு. அவனோட பூட்டுல ஆட்டத்தக் கட்டுப்படுத்த உரசு கட்டை இருக்குதாம். அதுக்குக் கிரீஸே தடவக் கூடாதாம். தடவினா வழுக்கிக் கட்டை கெட்டுப்போகும்ங்கறான். இங்க தடவலீன்னாச் சத்தம், அங்க தடவினாத் தொந்தரவு. அதனால யூடியூப்பப் பாத்துட்டு யாரும் எதையும் பண்ணிப்போடாதீங்க.

சுத்தமாச் சத்தமே இல்லாமலும் பண்ண முடியாதுங்க. மேடு பள்ளத்துல டிரெய்லர் வளைஞ்சு குடுக்கோணும், அதுக்கு வளையத்துக்குள்ள கொஞ்சம் எடம் விட்டுத்தான் ஆகோணும். வேகத்தடையில இன்னும் லேசா ஒரு 'டங்' வருது. அது பின் கதவுக் கீலு. அதுவும் பாக்கோணும்.

களை வெட்ட வர்றவங்களுக்கு இப்ப மினி ஆட்டோ சொல்லியிருக்கறேன். வாரத்துக்கு இவ்வளவுன்னு பேசியாச்சு. மொத நாள் காரணம் கேட்டாங்க. தேஞ்ச கம்பியக் கொண்டுவந்து காட்டினேன். அந்த அக்கா கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அதான் சொன்னனுங்களே தம்பி"ன்னாங்க.

அம்மாவுக்குத்தான் வேற கொறை. முன்னெல்லாம் வண்டி வண்டித்தடத்துல திரும்பறப்பவே 'டக்'குனு கேட்டு அடுப்புல காப்பித் தண்ணி வச்சிருவாங்களாம். இப்ப வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டாத்தான் தெரியுதாம்.