நாற்பது–பதினைந்து

2008 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை. ப்ளஸ் டூ பொதுத்தேர்வுக்கு இரண்டு மாசம்கூட இல்லை. அம்மா திட்டத் திட்ட அப்பா என்னை நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனார். சென்னை ஓப்பன் ஃபைனல். நடாலை நேரில் பார்க்கப்போகிறோம் என்று முந்தின இரவு எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. நடாலும் தூங்கியிருக்க மாட்டார் போல. மிகைல் யூஷ்னி 6-0, 6-1 என்று முடித்துவிட்டார். கொண்டுபோயிருந்த தண்ணி பாட்டிலில் பாதிகூடக் காலியாகவில்லை.

வெளியே வரும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா சொன்னார்: “நேத்து செமி ஃபைனல்ல மோயாவோட ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆடியிருக்கான்டா. மூணு செட்டும் டைபிரேக். இன்னிக்குக் கால் எப்படி வரும்?”

பத்து வருஷம் கழித்து அந்த வாக்கியத்தை நான் பைத்தானில் எழுதினேன். கடந்த மூன்று நாளில் ஒரு ஆட்டக்காரர் கோர்ட்டில் இருந்த நிமிடங்கள். என் டேட்டா டேபிளில் அது 14-ஆவது காலம்.

2018-ல் கம்பெனி என்னை லண்டனுக்கு அனுப்பியது. ஈஸ்ட் ஹாமில் ஒரு மதுரைக்காரனோடு சேர்ந்து வீடு. அங்கே பந்தயம் கட்டுவது சட்டப்படி சரி. தோசைக் கடைக்கு இரண்டு கடை தள்ளி பெட்டிங் ஷாப் இருக்கும். எனக்கு அந்தக் கடைகள் பிடிக்கவில்லை, உள்ளே இருப்பவர்கள் முகத்தைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கும். நான் வேற ஆள், நான் சூதாடவில்லை, நான் ஒரு மாடல் கட்டுகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

டேட்டா இலவசமாகக் கிடைத்தது. ஜெஃப் சாக்மன் என்ற அமெரிக்கர் பல பத்தாண்டுகளின் ஆட்ட முடிவுகளைத் தொகுத்து கிட்ஹப்பில் போட்டுவைத்திருக்கிறார். அதை வைத்து முதலில் எலோ ரேட்டிங் கட்டினேன். செஸ்ஸுக்காக அர்பாட் எலோ உருவாக்கிய அதே முறைதான்: ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும், பெரிய ஆளை ஜெயித்தால் அதிகம் ஏறும். ஏடிபி தரவரிசை, 52 வாரத்தில் யார் எந்தச் சுற்று வரை போனார் என்று மட்டும் பார்க்கும். யாரை அடித்துப் போனார் என்று பார்க்காது. எலோ அதைப் பார்க்கும். களிமண், புல், ஹார்டு கோர்ட் மூன்றுக்கும் தனித்தனி எலோ வைத்து, பொது எலோவோடு கலந்துகொண்டேன். புல்லில் வருஷத்துக்குச் சில வாரங்கள்தான் ஆடுகிறார்கள் என்பதால் புல் எலோவை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. எனக்கு இன்றைக்கும் அழகாகத் தெரிவது இதுதான். தன் சர்வில் 100 புள்ளிக்கு 60 எடுக்கிறவர், 100 கேமுக்குச் சுமார் 74 ஜெயிப்பார். கேமிலிருந்து செட்டுக்கும் செட்டிலிருந்து ஆட்டத்துக்கும் போகப்போக இந்த வித்தியாசம் வீங்கிக்கொண்டே போகும். ஃபெடரர் 2024-ல் டார்ட்மத் கல்லூரி பட்டமளிப்பு விழாவில் தன் கணக்கைச் சொன்னாரே: 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் வெற்றி, ஆனால் ஆடிய புள்ளிகளில் 54 சதவீதம்தான். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் டென்னிஸ் பந்தயம் மொத்தமும் நடக்கிறது. சர்வில் ஒருவர் 62 எடுப்பார் என்று சந்தை நினைத்து, நான் 63 என்று கண்டுபிடித்தால் அந்த ஒரு சதவீதம்தான் என் சம்பளம்.

பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்பது கேள்வியே இல்லை. நிறைய பேர் இங்கேதான் தப்பு பண்ணுகிறார்கள். விலை சரியா என்பதுதான் கேள்வி. சம பலமுள்ள இரண்டு பேருக்கு புக்கி ஆளுக்கு 1.90 கொடுக்கிறான் என்று வையுங்கள். இரண்டு பேர் மேலும் நூறு நூறு கட்டினால் 200 போய் 190 திரும்பி வரும். அந்தப் பத்து அவனுடையது. அதைத் தாண்டி லாபம் பார்க்க வேண்டுமென்றால் சந்தையைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். எப்போதும் இல்லை, அவ்வப்போது. மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கணும். வாரத்துக்கு நூறு ஆட்டம் பார்த்து ஆறில் கட்டுவேன்.

எவ்வளவு கட்டுவது என்பதற்கும் ஃபார்முலா உண்டு. பெல் லேப்ஸில் வேலை பார்த்த ஜான் கெல்லி 1956-ல் எழுதியது. உன் சாதக அளவைப் பொறுத்துக் கையிருப்பில் இத்தனை பங்கு, அதற்கு மேல் ஒரு பைசா கூடாது. முழு கெல்லி கட்டினால் ஏற்ற இறக்கத்தில் வயிறு கலங்கும் என்பதால் அனுபவசாலிகள் அதில் பாதியோ காலோதான் கட்டுவார்கள். நான் கால் பங்கு. கோடில் அது ஒரே வரி.

சின்னச் சின்ன விஷயங்களும் கற்றுக்கொண்டேன். ஆட்டக்காரர் பாதியில் காயத்தோடு விலகினால் பந்தயம் செல்லுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒருவனுக்கு ஒரு செட் முடிந்திருந்தால் போதும், இன்னொருவனுக்கு ஆட்டமே முடிய வேண்டும். முதல் சுற்றுப் பரிசுப் பணத்துக்காக அடிபட்ட காலோடு வந்து நிற்பவர்கள் அதிகமாகி, 2018-லிருந்து கிராண்ட்ஸ்லாமில் ஒரு விதி வந்தது: கடைசி நேரத்தில் விலகினால் பாதிப் பணம் உனக்கு, மீதி உன் இடத்தில் ஆட வருபவருக்கு. கீழ்மட்டப் போட்டிகளில் கட்டவே கூடாது என்றும் வைத்திருந்தேன். ஹோட்டல் செலவுக்கே பணம் பத்தாமல் ஆடுகிற பையன்கள் அங்கே எதற்குத் தோற்கிறார்கள் என்று எந்த மாடலும் சொல்லாது.

500 பவுண்டில் ஆரம்பித்தேன். எட்டு மாசத்தில் 1,300. பெரிய பணமில்லை, ஆனால் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒரு காலையில் ஒரு கம்பெனி என் கணக்கில் அதிகபட்சப் பந்தயத்தை இரண்டு பவுண்டாகக் குறைத்தது. விளக்கமெல்லாம் கிடையாது. அந்தத் தொழிலில் இது வழக்கம்தான்: தோற்பவனுக்குப் போனஸ், ஜெயிப்பவனுக்குக் கதவு. அந்த ஸ்க்ரீன்ஷாட்டை ரூம்மேட்டிடம் ஏதோ கேட் ரேங்க் கார்டு மாதிரி காட்டினேன்.

வேறு வழியில்லாமல் எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். அங்கே புக்கி கிடையாது. பங்குச் சந்தை மாதிரி ஆளுக்கு ஆள் கட்டுவது. ஒருவர் ஜெயிப்பார் என்றும் கட்டலாம், தோற்பார் என்றும் கட்டலாம், ஆட்டம் நடக்கும்போதே வாங்கலாம், விற்கலாம். என் சனி அங்கேதான் உட்கார்ந்திருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் கட்டும்போது எனக்கும் பணத்துக்கும் நடுவில் ஒரு ராத்திரி இருந்தது. இங்கே புள்ளிக்குப் புள்ளி விலை மாறுகிறது. அதிலும் நாம் டிவியில் பார்க்கும் புள்ளி சில விநாடிகளுக்கு முன்னாலேயே முடிந்துபோனது. அந்த விநாடிகளுக்காகவே ஸ்டேடியத்தில் ஆள் உட்கார்ந்து ஸ்கோரை அனுப்புகிற தொழில் ஒன்று உண்டு. 2014 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்படி ஒரு பிரிட்டிஷ் இளைஞரைக் கைதே பண்ணினார்கள், பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். அவர்களோடு சோபாவில் லேப்டாப்போடு உட்கார்ந்துகொண்டு நான் போட்டி போட்டேன். ஆனாலும் ஜூன் முடியும்போது கையில் 2,100 பவுண்டு இருந்தது.

2019 ஜூலை 14. அன்றைக்கு லண்டனில் இரண்டு ஃபைனல். லார்ட்ஸில் இங்கிலாந்து–நியூசிலாந்து உலகக் கோப்பை, விம்பிள்டனில் ஜோகோவிச்–ஃபெடரர். டிவி ரூம்மேட்டுக்கு, லேப்டாப் எனக்கு. போனில் அப்பா, ஸ்பீக்கரில். ஒவ்வொரு விம்பிள்டன் ஃபைனலும் அப்படித்தான் பார்ப்போம். அப்பா ஃபெடரர் ஆள். அந்த பேக்ஹேண்டைப் பற்றி ராகம் பற்றிப் பேசுவது மாதிரி பேசுவார்.

சந்தை ஜோகோவிச் பக்கம் இருந்தது. ஃபெடரருக்கு 2.60 கிடைத்தது, அதாவது 38 சதவீதச் சொச்சம். என் மாடல் 45 சொன்னது. கால் கெல்லி கணக்குப்படி நான் கட்ட வேண்டியது 56 பவுண்டு. ஸ்க்ரீனில் அந்த எண் அப்படியே நிற்கிறது. நான் 600 கட்டினேன்.

ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பேராசை என்று சொல்லலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை. அப்பா ஸ்பீக்கரில் இருந்தார். ஃபெடரருக்கு வெறும் 56 பவுண்டா என்று ஏதோ ஒன்று உள்ளே கேட்டது.

முதல் செட் டைபிரேக்கில் போனது. இன்னொரு 500. இரண்டாவது 6-1 என்று ஃபெடரர். மூன்றாவதும் டைபிரேக்கில் போனது, மீதி இருந்த ஆயிரத்தையும் போட்டேன். நான்காவது ஃபெடரர். ஐந்தாவதில் ஜோகோவிச் 4-2 என்று முன்னால் போனபோது கிரெடிட் கார்டை எடுத்தேன். 1,400. அப்போது அதற்குத் தடை இல்லை. சூதாட்டத்துக்குக் கிரெடிட் கார்டு கூடாது என்று பிரிட்டனில் விதி வந்தது 2020 ஏப்ரலில்தான். மொத்தம் 3,500 பவுண்டு. அன்றைய விலைக்கு மூன்று லட்ச ரூபாய்.

ஃபெடரர் திரும்ப பிரேக் செய்தார். பிறகு 8-7. அவருடைய சர்வ். அடுத்தடுத்து இரண்டு ஏஸ். 40-15.

“முடிஞ்சுதுடா!” என்றார் அப்பா. குரல் நடுங்கியது.

என் ஸ்க்ரீனில் 98 என்றது. அந்த நிமிஷம் நான் எதிர்ப்பக்கம் கொஞ்சம் கட்டி, யார் ஜெயித்தாலும் லாபம் என்று பூட்டியிருக்கலாம். இரண்டு க்ளிக். என் கை மவுஸில்தான் இருந்தது. பூட்டினால் லாபத்தில் கொஞ்சம் குறையும், 98 இருக்கும்போது எதற்குக் குறைக்கணும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் புள்ளியில் ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. இரண்டாவதில் வலைக்கு வந்தவரைத் தாண்டி ஜோகோவிச்சின் பந்து குறுக்கே போனது. அதற்குப் பிறகு 12-12, கடைசியில் டைபிரேக். மூன்றாவது டைபிரேக்கும் போனது. பக்கத்தில் ரூம்மேட் சூப்பர் ஓவருக்குக் கத்திக்கொண்டிருந்தான்.

போனில் ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு அப்பா மூக்கை உறிஞ்சிவிட்டுப் பேசத் தொடங்கினார். அந்த ட்ராப் ஷாட், நாலாவது செட்டில் ஒரு பேக்ஹேண்ட், அந்த நீளமான ராலி என்று ஒவ்வொன்றாக. “பாத்தியா நீ அத?” என்று கேட்டுக்கொண்டே போனார். நான் ஆமாம்ப்பா ஆமாம்ப்பா என்றேன். அதில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. ஐந்து மணி நேரம் நான் பார்த்தது ஒரு எண் ஏறி இறங்குவதை.

அந்த ஆட்டத்தில் ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218, ஜோகோவிச் 204. 14 புள்ளி அதிகம் எடுத்தவர் தோற்றார். இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. மாடல் சரி, அதிர்ஷ்டம்தான் தப்பு என்று ஆகஸ்ட் முழுக்கச் சொல்லிக்கொண்டேன். கிளாசன், மாக்னஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-ல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படித்தேன். 1992 முதல் 1995 வரையிலான விம்பிள்டன் ஆட்டங்களில், முக்கியமான புள்ளிகளில் சர்வ் செய்பவருக்கு ஜெயிப்பது கொஞ்சம் கடினமாகிறது என்று கண்டிருந்தார்கள். ரொம்பக் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைக் கோடில் சேர்த்தேன், மறுபடி கார்டில் கட்டினேன். கெல்லி வரியை மட்டும் கமெண்ட் போட்டு நிறுத்தியிருந்தேன்.

மாசாமாசம் வீட்டு லோனுக்காக அப்பாவுக்கு 60,000 அனுப்புவேன். அந்த ஆகஸ்ட்டில் 20,000 அனுப்பினேன்.

“டாக்ஸ் பிடிச்சுட்டாங்கப்பா.”

“எந்த டாக்ஸ்?”

34 வருஷம் பேங்க்கில் இருந்தவர். நான் ஏதோ உளறினேன். “பே ஸ்லிப்ப அனுப்பேன், பாக்கலாம்” என்றார். நான் அனுப்பவில்லை. அவர் திரும்பக் கேட்கவும் இல்லை. செப்டம்பரில் தங்கை சொன்னாள்: அப்பா ஒரு எஃப்டியை உடைத்து இஎம்ஐ கட்டியிருக்கிறார். முதிர்வுக்கு ஐந்து மாசம்தான் பாக்கி இருந்ததாம். எஃப்டியை நடுவில் உடைக்கிறவர்களைப் பற்றி அப்பா வீட்டில் எப்படிப் பேசுவார் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

அக்டோபரில் கேம்ஸ்டாப்பில் பதிந்தேன். பிரிட்டனில் உரிமம் பெற்ற எந்த ஆன்லைன் சூதாட்டக் கம்பெனியும் நம்மை உள்ளே விடாதபடி நாமே எழுதிக்கொடுப்பது. ஆறு மாசம், ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று மூன்று தெரிவு. முதலில் ஆறு மாசத்தில் க்ளிக் பண்ணினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஐந்துக்கு மாற்றினேன். கார்டு கடன் முடிய ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஐந்து வருஷம் 2024-ல் முடிந்தது. நாமாகக் கேட்டுக்கொள்ளாதவரை தடை தானாக நீங்காது. நான் கேட்கவில்லை.

2021-லேயே சென்னைக்கு வந்துவிட்டேன். போன வருஷம் அத்தை பையன், இருபத்திரண்டு வயசு, “அண்ணா, உங்ககிட்ட ஒரு டென்னிஸ் மாடல் இருக்காமே, கோட் தாங்களேன்” என்று வந்தான். ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் இருப்பது அவனுக்கும் தெரியும். டெலிகிராமில் எல்லாம் வழி இருக்கிறது என்றான். நான் கோடைத் தரவில்லை, 56-ஐயும் 600-ஐயும் சொன்னேன். “நான் ஃபார்முலாவ விட்டு நகரவே மாட்டேண்ணா” என்றான். முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே நம்பித்தான் சொல்கிறான்.

2019-க்குப் பிறகு அப்பாவோடு உட்கார்ந்து நான் ஒரு ஃபைனலும் பார்க்கவில்லை. வேலை இருக்கிறது என்பேன். 2025 ஜூன் 8, பிரெஞ்ச் ஓப்பன் ஃபைனல். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம், ஸ்கோர் சரியாகத் தெரியவில்லை, வந்து படி என்று கூப்பிட்டார். உட்கார்ந்தேன். இரண்டு செட்டுக்கு ஒன்று என்று சின்னர் முன்னால். நாலாவது செட்டில் 5-3. அல்கராஸ் சர்வ், 0-40. மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்.

“இப்ப எவ்வளவுடா சான்ஸு?” என்றார் அப்பா, டிவியைப் பார்த்தபடியே.

ஒருபோதும் நான் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. தங்கை சொல்லியிருக்கலாம்.

“சின்னருக்குத் தொண்ணூத்தெட்டு இருக்கும்ப்பா.”

“அப்ப காபி போடச் சொல்லு அம்மாவ. இது இப்போதைக்கு முடியாது.”

முடியவில்லை. மூன்று பாயிண்ட்டும் போய், அந்த செட்டும் போய், ஆட்டம் மொத்தம் ஐந்து மணி 29 நிமிஷம் நீண்டது. ஐந்தாவது செட்டில் அப்பா சோபாவிலேயே தலை சாய்ந்து தூங்கிப்போனார். அல்கராஸ் ஓடிப்போய் ஒரு பந்தை எடுத்தார், பந்து கோட்டைத் தொட்டதா என்று எழுந்து நின்று பார்த்தேன். 6-6, பத்துப் புள்ளி டைபிரேக். மணி பன்னிரண்டு. அப்பா தோளைத் தட்டி எழுப்பினேன்.

“யார்றா ஜெயிக்கிறது?”

“தெரியலப்பா, பாருங்க.”