இறாலுக்கு ஜனத்தொகைக் கணக்கு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழியை நம்பித்தான் நம் வீடுகளில் அடுப்படிக் காரியம் நடந்து வருகிறது. ஆனால் கடலில் அந்தப் பழமொழி செல்லுபடியாகாது. பானையில் நெருப்பு எல்லாச் சோற்றையும் ஒன்றாக வேக வைக்கிறது. கடலிலோ இறால்கள் ஓரிடத்தில் திரளாகக் கூடும். சற்று அப்பால் பேருக்குக்கூட ஒன்று இராது. எங்கள் வீட்டில் இறால் சமைக்கும் வழக்கமில்லை. ஆயினும் அதை எப்படி எண்ணுகிறார்கள் என்று படிக்கத் தொடங்கியது முதல், அந்தப் பிராணியின் பேரில் எனக்கு ஒருவித வாஞ்சையே உண்டாகிவிட்டது.

அமெரிக்காவின் வடகிழக்கில் மெயின் வளைகுடா என்னும் குளிர்ந்த கடல் இருக்கிறது. அங்கே வாழும் வடகடல் இறால் ஆணாக வளர்ந்து, சில வருஷங்களில் பெண்ணாக மாறும் அதிசயப் பிறவி. பனிக்காலத்தில் தாய் இறால்கள் வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்துகொண்டு கரையோரம் வரும். வலைஞர்கள் அவற்றைப் பிடித்து வந்ததும் அந்தச் சமயத்தில்தான்.

இவற்றை எண்ணுவதற்காக 1984-ஆம் ஆண்டு தொடங்கிக் கோடைதோறும் ஒரு படகு புறப்பட்டு வந்தது. பல வருஷங்கள் அந்த வேலையைச் செய்த ‘குளோரியா மிஷெல்’, முன்னொரு காலத்தில் போதைச் சரக்குக் கடத்தியதற்காகப் பறிமுதல் செய்யப்பட்டதாம்! திருடனுக்குக் கணக்கப்பிள்ளை உத்தியோகம் கிடைத்த கதைதான்.

கடலை ஆழத்தை ஒட்டிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வலை விடும் இடத்தைக் குலுக்குச் சீட்டுப் போலத் தேர்ந்தெடுப்பார்கள். இரவில் இறால்கள் தரையை விட்டு மேலே எழும்பிவிடும். ஆகையால் பகலில் மட்டுமே வேலை. தரையை உரசிச் செல்லும் அதே மாதிரி இழுவலை, அதே வேகம், அதே கால அளவு. வலை சென்ற தூரத்தை அதன் வாயகலத்தால் பெருக்கினால் துழாவிய பரப்புத் தெரியும். அகப்பட்ட இறால்களை நிறுத்து, அளந்து, ஆண் பெண் பிரித்து எழுதிக்கொள்வார்கள். வழியில் இருந்தவை எல்லாம் வலையில் விழுந்துவிடுமா? விழாது. ஆகவே, கடலில் மொத்தம் இத்தனை இறால் என்று அந்த எண் தானாகச் சொல்லாது. போன வருஷத்தைவிட ஜாஸ்தியா, கம்மியா என்பதையே சொல்லும். வருஷா வருஷம் முறையை மாற்றாமல் ஒரு விரதம் போல் அனுஷ்டித்தது அதற்காகத்தான்.

“இறால் இல்லாத இடத்தில் வலையைப் போட்டுவிட்டு, இறாலே இல்லை என்கிறீர்களே!” என்று வலைஞர் கேட்கலாம். நியாயம் போலவே தோன்றும். ஆனால் நான் கணக்கெடுப்பவர் கட்சி. கல்யாணப் பந்திகளை மட்டும் தேடிப் போகிறவனுக்கு ஊரில் பஞ்சம் வந்தது எப்படித் தெரியும்? கூட்டம் இருக்கும் இடத்தைத் தேடிச் செல்லும் வலை, கடைசிக் கூட்டம் மிஞ்சும் வரையில் நிறைந்தே வரக்கூடும்.

2012-இல் அந்த வளைகுடா அதுவரை கண்டிராதபடி வெப்பமடைந்தது. மறு வருஷக் கோடையில் வலையில் வந்தவை, 1984 முதல் காணாத அளவுக்குக் குறைவு. 2014-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து இறால் பிடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அப்போது பெருகிய ஊசிக்கணவாய்கள் இறால்களைத் தின்றிருக்க வேண்டும் என்று 2021-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். காரணம் எதுவாயினும், கரையோரக் குடும்பங்களின் பனிக்கால வருமானம் போயிற்று.

2025-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் வலைஞர்களில் சிலரையே கடலுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். குலுக்குச் சீட்டை நம்பாத, இறாலைத் தேடத் தெரிந்த கைகள். அவர்கள் எல்லோருக்குமாகக் கிடைத்தவை 70 இறால்கள். எடை 3 ராத்தலுக்கும் குறைவு. அவ்வருஷ இறுதியில், தடையை இன்னும் மூன்று வருஷங்களுக்காவது நீட்டுவதென்று தீர்மானித்தார்கள்.