என் பெயரின் பொருள்

பெயரில் என்ன இருக்கிறது என்பார்கள். என் பெயர் ஷீலா. தொட்டியத்தில் எங்கள் தெருவார்க்கு நான் 'சீலா'. குறும்புப் பிள்ளைகளுக்கோ 'சீலை'. எதுகை தேடினால் நீலா, மாலா, லீலா என்று வரிசையாக வரும்.

இப்பெயர் அயர்லாந்திலும் உண்டு. அங்கே அது செசிலியா என்னும் லத்தீன் பெயரின் திரிபு. அதன் வேருக்குக் 'குருடு' என்று பொருள் கூறுவர். நம் நாட்டிலோ 'சீலம்', அதாவது நல்லொழுக்கம். ஒலி ஒன்று, பொருள் வேறு.

கல்வியைக் கண் என்றார் வள்ளுவர். வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் என் தாயார் கைநாட்டு வைப்பவர். ஆயினும் கைமாற்றாக வாங்கிய படி அரிசியைத் தலை தட்டாமல் கோபுரமாய்த் திருப்பி அளப்பவர். சீலம் அவரிடம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த எனக்குக் கண் கிடைத்துவிடும். அவருடைய சீலமும் கிடைத்தால்தான் இப்பெயர் எனக்குப் பொருந்தும்.